மச்சானின் ஹெரால்டும் மழைத் தண்ணீரும்

கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு என் மச்சானின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த அண்ணன், வயது எண்பத்தொன்று. அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மாடு போய் இருபது வருடம் ஆகிறது. அந்த இடத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்பது 1966ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. இரும்புக் கூரையைக் கழற்றிவிட்டு கான்வாஸ் துணியில் மடக்குக் கூரை போட்டது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இது 'தெகப்போத்தாபிள்'. 'கப்போத்' என்றால் மடக்குக் கூரை. இங்கே 'ஓப்பன் கார்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன புரட்டாசியில் மச்சான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். காரின் கதவைத் திறந்து, கண்ணாடியை மேலே ஏற்றி, கதவைச் சாத்தினார். கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் துணிக் கூரைக்கும் நடுவே சுண்டு விரலை விட்டுக் காட்டினார்.

"மாப்ளே, நான் போறதுக்குள்ள இந்தச் சந்த அடைக்கணும். நீங்கதான் கூட இருந்து பாக்கணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அது 1978ஆம் வருட விஷயம்.

அந்த வருடம் தீபாவளிக்கு எங்களை அழைத்துப் போக மச்சானே பாண்டிச்சேரிக்கு வந்தார். எங்கள் மூத்த மகளுக்கு அப்போது நான்கு மாதம். திண்டிவனம் தாண்டும்போது மேகம் கூடியது. செஞ்சிக் கோட்டை கண்ணில் படுமுன் மழை பிடித்துக்கொண்டது. நிறுத்திக் கூரையை இழுத்து மாட்டினோம், கண்ணாடிகளை ஏற்றினோம். வண்டி ஓட ஆரம்பித்ததும்தான் விளங்கியது. ஓட்டத்தில் துணிக் கூரை பலூன் மாதிரி மேலே உப்பும். நிற்கும்போது விரல் நுழையும் சந்து, ஓடும்போது கை நுழையும் சந்தாகிவிடும். தண்ணீர் சொட்டவில்லை, சாரலாக அடித்தது. என் மனைவி குழந்தையை முந்தானைக்குள் மூடிக் குனிந்தபடியே வந்தாள். வீடு வந்து சேர்ந்தபோது முந்தானையும் ஈரம், குழந்தையும் ஈரம். அன்றிரவே காய்ச்சல். திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு நாள். தீபாவளி எங்கே போயிற்று என்று தெரியாது.

குழந்தை பிழைத்தாள், இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. என் மனைவி அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை. "நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்" என்பாள், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் மச்சான் இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஒரு கோப்பில் தப்பு இருந்தால், கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரை விட்டுவிட்டு, முதல் குறிப்பை எழுதியவர் யார் என்று பின்னால் பின்னால் போய்ப் பார்ப்பது வழக்கம். இந்தச் சந்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

கடைசிக் கையெழுத்து 1975. அப்போது மச்சானுக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். ஓப்பன் காராக்க வேண்டும் என்று ஆசை. ஒரு பட்டறையில் கொடுத்தார். வேறு வண்டியாக இருந்தால் கூரையை வாள் வைத்து அறுக்க வேண்டும். ஹெரால்டில் அது வேண்டியதில்லை. ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும். கழற்றிய கூரையை வெகுநாள் இங்கே விறகு நனையாமல் மூடி வைத்திருந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ரப்பர்தான் முழுக் கதையும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். அதன் கதவில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் உண்டு. கண்ணாடி அந்தச் சட்டத்துக்குள் ஏறி இறங்கும்; கதவைச் சாத்தினால் சட்டம் போய் பாடியில் உட்காரும். ஹெரால்டின் கதவில் அந்தச் சட்டம் கிடையாது. முன்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடிக்கு மட்டும் சட்டம். பெரிய கண்ணாடி மொட்டையாக நிற்கும். கதவைச் சாத்தும்போது அது நேராகக் கூரையின் ஓரத்து ரப்பரில் போய் அழுந்த வேண்டும். கூரை போனால் ரப்பரும் போயிற்று. பட்டறைக்காரர் துணிக்கூரை அழகாகத்தான் தைத்தார். கண்ணாடி எதில் சாயும் என்று அவரும் கேட்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை.

கூரையைப் போல்ட்டில் மாட்டி ஒரு கார் ஏன் செய்தார்கள்? அதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டும்.

கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. ஆஸ்டினும் மாரிஸும் சேர்ந்து உருவான பி.எம்.சி. என்ற பெரிய நிறுவனம் 1953இல் அதை வாங்கிவிட்டது. அதாவது, ஸ்டாண்டர்டுக்குச் சட்டை தைத்த தையல்காரர் போட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் உலகமே அடிச்சட்டமும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கூடாகக் கார் செய்யத் தொடங்கியிருந்தது. அதற்குப் பெரிய பெரிய அச்சுகள் வேண்டும், அவற்றை வைத்து அடித்துத் தர ஒரு கம்பெனி வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு அது கிடைக்கவில்லை. எனவே பழைய முறைக்கே திரும்பினார்கள்: தனி அடிச்சட்டம், அதன்மேல் பாடியைச் சிறு சிறு துண்டுகளாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, போல்ட் போட்டுச் சேர்ப்பது. இத்தாலியில் டூரின் நகரத்து ஜோவான்னி மிகெலோட்டி வரைந்து கொடுத்தார். 1959 ஏப்ரலில் லண்டனில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' வெளிவந்தது. துண்டு துண்டாக இருந்ததால் கூரையை மாற்றி மாற்றிப் புது வகைகள் செய்வது சுலபமாயிற்று. அடுத்த வருடமே மடக்குக் கூரை வண்டியும் வந்தது. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முழு பானெட்டும் முன்னால் கவிழ்ந்து திறப்பது, இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்புவது எல்லாம் இதன் பெருமைகள். குறை என்னவென்றால், எத்தனை துண்டோ அத்தனை மூட்டு. எத்தனை மூட்டோ அத்தனை இடத்தில் தண்ணீர். கம்பெனி செய்த வண்டிகளிலேயே அந்தப் புகார் உண்டு. கூரையைக் கழற்றிய வண்டியைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் வேறு வழியில்லாமல் செய்தது, நமக்கு வரமாக அமைந்தது. பெரிய அச்சு தேவைப்படாத, துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டக்கூடிய கார் என்பதால் சென்னையில் செய்வது எளிதாக இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் இதை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில், 948 சி.சி. இன்ஜினோடு விற்றது. வண்டலூரில் தொழிற்சாலை. கல்கத்தாப் பக்கத்துக்கு அம்பாசடர், பம்பாய்ப் பக்கத்துக்கு ஃபியட், நமக்கு ஹெரால்டு. நம் மாநிலத்தில் செய்த கார் என்று அப்போது பலருக்குப் பெருமை. எனக்கும்தான், பாண்டிச்சேரி வேறு ஆட்சிப் பகுதி என்றாலும். உதிரி பாகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே செய்யப்பட்டன. 1968 வாக்கில் நமக்கென்றே நான்கு கதவு வண்டி வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதையே கொஞ்சம் மாற்றி 'கஜெல்' என்றார்கள். 1977இல் அதுவும் நின்றது. எண்பதுகளில் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு பெரிய வண்டி வந்து, அதோடு கம்பெனியே 1988இல் மூடியது. நல்ல கம்பெனி. அவர்கள் செய்த ரப்பரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதைக் கழற்றி விறகுக்கு மேல் போட்டது நாங்கள்தான்.

இன்னும் பின்னால் போனால், கார் பிறந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது, கண்ணாடியே இல்லையே! முதல் கார்கள் எல்லாம் திறந்த வண்டிகள். 1840இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சென்னை சிம்சன் போன்றவர்கள் காருக்கும் பாடி கட்டியபோது, மழைக்குப் பக்கவாட்டில் துணித் திரைதான். திரையில் வெளியே பார்க்க செல்லுலாய்டுத் துண்டு தைத்திருக்கும்; நம் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகி, வெடித்துப் போகும். தண்ணீர் வரத்தான் செய்யும் என்று தெரிந்தே அதில் ஏறினார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி வந்த பிறகுதான், ஓப்பன் காரும் மூடிய கார் போல் நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

பிரெஞ்சுக்காரன் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். 1948இல் வந்த சித்ரோயன் 'தெ ஷெவோ' என்ற சின்னக் காரை நான் பாண்டிச்சேரியில் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கூரை துணிதான், பாயைச் சுருட்டுவது போல் சுருட்டிப் பின்னால் போடலாம். ஆனால் கதவும் கண்ணாடிச் சட்டமும் இருந்த இடத்திலேயே இருக்கும். முன் கதவின் கண்ணாடி ஏறி இறங்காது. கீழ்ப்பாதியைத் தூக்கி மேலே மடக்கலாம். மூடியை மட்டும் திறந்தார்கள், பெட்டியின் சுவரைத் தொடவில்லை. பார்க்க அழகில்லை என்று நாங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ரப்பருக்கும் அந்தப் பள்ளியில்தான் எனக்கு அறிமுகம். பிரெஞ்சில் ரப்பருக்குக் 'கவுச்சூ' என்று பெயர். வாத்தியார் அந்தச் சொல்லைச் சொன்னதும் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். நமக்கு அது மீன் கடையல்லவா! வாத்தியாருக்கு ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை. லா கோந்தமின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1736இல் தென் அமெரிக்காவிலிருந்து பாரிசுக்கு அந்தப் பொருளை அனுப்பினார் என்று அன்று மனப்பாடம் செய்தது இன்றும் மறக்கவில்லை. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சுட்டால் நிலைக்கும் என்று குட்இயர் கண்டுபிடித்தது 1839இல். நம் பக்கம் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள். பிறகு கன்னியாகுமரி வரை வந்தது. மரத்து ரப்பருக்கு ஒரே பலவீனம், இழுத்து வைத்த நிலையில் வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் பட்டால் குறுக்குக் குறுக்காக வெடிப்பு விடும். திருவண்ணாமலை வெயிலில் சில வருடம் போதும். அறுபதுகளில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வந்தது. அதற்கு அந்த வியாதி இல்லை. இன்று உங்கள் பிள்ளைகள் ஓட்டும் காரின் கதவைச் சுற்றி இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆகவே கடையில் அந்த ரப்பரை வாங்கி ஒட்டிவிட்டால் முடிந்தது என்று நானும் நினைத்தேன், மச்சானும் நினைத்தார். எங்களுக்குக் கிடைத்த மேஸ்திரிதான் தடுத்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, மகள் வீட்டோடு திருவண்ணாமலைக்கு வந்தவர். வந்ததும் ரப்பரைப் பற்றிப் பேசவே இல்லை. செய்தித்தாளை நீளநீளமாகக் கிழித்தார். ஒவ்வொரு துண்டாகச் சந்தில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக வந்தால் சரி. தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் சந்து. ஓட்டுநர் பக்கம் பின்மூலையில் துண்டு தானாகவே விழுந்தது.

"ஐயா, இது பீடிங் கோளாறு இல்ல. வண்டி நடுவுல தொங்குது."

கூரை இருந்தவரை முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பக்கத்தையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. அது போன பிறகு பாரம் முழுவதும் அடிச்சட்டத்துக்கு வந்துவிட்டது. அடிச்சட்டத்திலிருந்து பாடியைத் தாங்கக் கை நீட்டும் இரும்புகளில் இரண்டு துரு பிடித்துப் பாதி போயிருந்தன. பாடி கால் அங்குலம் இறங்கினால் கதவு கோணும். கதவு கோணினால் கண்ணாடி கோணும். அதன்மேல் எத்தனை ரப்பர் ஒட்டினாலும் நிற்காது. ஒரு வாரம் டிங்கரிங் வேலை. புது இரும்பு வைத்து வெல்டிங் செய்து, பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே தகடு தகடாகச் செருகி, கதவின் சந்து மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை உயர்த்தினார். பிறகு கீல். பிறகு பூட்டு வந்து விழும் கொக்கி. அதற்குப் பிறகுதான் கதவின் உள்தகட்டைக் கழற்றினார்.

உள்ளே பார்த்து மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். கதவின் அடியில் மூன்று ஓட்டைகள் இருக்க வேண்டும். அவற்றை யாரோ புட்டி வைத்து அடைத்திருந்தார்கள். "நான்தான்" என்றார் மச்சான். 1978 தீபாவளி முடிந்த கையோடு, தண்ணீர் வரும் ஓட்டை என்று நினைத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்திருக்கிறார். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி வழியாக வழியும் தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எந்தக் காரிலும். அது வெளியேறத்தான் அந்த அடி ஓட்டைகள். அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவைத் தின்னும். அந்த வருத்தத்தில் அடைத்த புட்டி கதவின் அடித்தகட்டையே அரித்திருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குப் புதுத் துணி வைத்து, அந்தப் பள்ளத்தின் அடிப் போல்ட்டைத் தளர்த்திக் கண்ணாடியின் மேல் விளிம்பு கொஞ்சம் உள்ளே சாயும்படி திருப்பினார்கள். கூரையைத் தாங்கும் மடக்குச் சட்டத்தில் ஓரமாக ஒரு அலுமினியப் பட்டை. 1975இல் கேட்க மறந்த கேள்விக்கு அதுதான் பதில். அந்தப் பட்டையில்தான், எல்லாவற்றுக்கும் கடைசியாக, ரப்பர். மேஸ்திரி கரூரிலிருந்து மூன்று வகை வரவழைத்தார். மச்சான் தடித்ததைக் கையில் எடுத்தார். அது வேண்டாம் என்று மெலிதாக, உள்ளே குழாய்போல் வெற்றிடம் உள்ளதை மேஸ்திரி எடுத்தார். தடித்த ரப்பர் அமுங்காது. கதவு சாத்தாது, சாத்தினாலும் கண்ணாடியை வெளியே தள்ளிப் புதுச் சந்தை உண்டாக்கும். குழாய் ரப்பர் பாதி அமுங்கி நின்றால் போதும். பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறக்கவிடவில்லை. பிறகு ரப்பரில் சாக்குத் தூளைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தார். கண்ணாடியில் வெள்ளைக் கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே இன்னும் அழுந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு இடத்தில் அறுபட்டது, சரிசெய்தார். போகும்போது கிரீஸ், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பரில் படக்கூடாது, ஊதிவிடும் என்று சொல்லிப் போனார்.

குஷன் கடைக்காரர் கூரைத் துணியை இழுத்துத் தைத்து முடித்தபோது ஐப்பசி பாதி போய்விட்டது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். பரவாயில்லை. ஆனால் மச்சானுக்கு அது போதவில்லை; வானத்து மழைதான் வேண்டும் என்றார்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து ஊற்றல். மச்சான் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, தெருவில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். கையில் டார்ச். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, வெளியே வரவில்லை. நான் திண்ணையில் இருந்தேன். அவர் வீட்டு மருமகள் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள், மழையில் எப்படிக் கொடுப்பது என்று நின்றாள். என் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு, ஒரு தட்டால் மூடி, குடையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். இடது பக்கக் கதவைத் திறந்து நீட்டினாள். ஏதோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் குடையை மடக்கி உள்ளே வைத்தாள், தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காருக்குள் மூச்சுக்காற்றில் கண்ணாடி வெளுத்துப் போயிற்று. இரண்டு தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கால் மணி நேரம் இருக்கும். இடது பக்கக் கண்ணாடி ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

"ஏங்க," என்று கத்தினாள், "இந்த மூலையில ஒரு சொட்டு வருது. அந்த மேஸ்திரி நம்பர் உங்ககிட்ட இருக்கா?"